மலைமடமும் விருந்தோம்பல் விதியும்

இத்தாலி நாட்டில், உரோமாபுரிக்கும் நேப்பிள்சு நகருக்கும் இடையே, காசினோ என்னும் ஊரினை நோக்கி நிற்கும் மலையுச்சியில் மாண்டே காசினோ என்னும் பழைய கிறிஸ்தவத் துறவிமடம் ஒன்றுளது. தமிழ்க் கிறிஸ்தவர் ஆசீர்வாதப்பர் என வழங்கும் பெனடிக்டு அடிகள் 529-ஆம் ஆண்டில் அதனை நிறுவினர் என்பது மரபு. அங்குச் சென்று மீள்வோர் பலர் முற்றங்களின் எழிலையும் மலைக்காட்சியையுமே வியந்துரைப்பர். அவ்வியப்பு மடத்தின் பெருமையை முற்றும் அளந்ததாகாது.

அக்கட்டடமோ பலகால் அழிந்தது. ஆறாம் நூற்றாண்டில் லாம்பார்டியராலும், 883-இல் சரசேனியராலும், 1349-இல் நிலநடுக்கத்தாலும் அது வீழ்ந்தது. 1944 பிப்ரவரி 15-ஆம் நாள் நேசநாட்டு விமானங்கள் குண்டு பொழிந்த ஞான்று, உள்ளே அடைக்கலம் புக்கிருந்த மக்கள் பலர் மாண்டனர். இன்று காணப்படுவது அதன்பின் மீளக் கட்டி 1964-இல் திருநிலைப்படுத்தப்பெற்றதாம். அழியாது நின்றது அடிகள் வகுத்த ஒழுக்க நூலே.

73 இயல்களையுடைய அந்நூலின் 53-ஆம் இயல் விருந்தினரைப் பற்றியது. வருவார் யாவரையும் கிறிஸ்துவாகவே கருதி ஏற்றலும், மடத்தலைவர் அவர்தம் கைக்கு நீர்வார்த்தலும், துறவிகளனைவரும் தலைவரோடு கூடி அவர் கால் கழுவலும், போதிய படுக்கைகளை அமைத்து வைத்தலும் அதன்கண் விதிக்கப்பட்டன. எளியோர்க்கும் யாத்திரிகர்க்கும் தனிப்பரிவு காட்டுக என்றும் அது கூறும். செல்வரை மதிக்குமாறு அவர்பாலுள்ள அச்சமே செய்துவிடும் என அடிகள் அதற்குக் காரணங் காட்டியது மிக நுண்ணிது.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். ஏவப்படாத துறவி விருந்தினரோடு உரையாடலாகாது என்றும், விருந்தினர்க்கு அடுக்களை வேறாக இருத்தல் வேண்டும் என்றும் அவ்வியலே கூறுதலின், இது முரணன்றோ எனின், அன்று. விருந்தினர் வேளை நோக்கி வாரார்; அவர் வரவால் துறவிகளின் நியமங் கலையாமைப்பொருட்டே அவ்வாறு விதிக்கப்பட்டது. நியமங் கலைந்தவழி மடம் வெறுஞ் சத்திரமாய் முடியும். பின்னர் விருந்தினர் நாடிச் சேறற்கு அங்கு யாதுளது? ஆதலின் அவ்விலக்கு விருந்தினர்க்கும் நலமே பயப்பதாம்.

எனினும் குறையொன்றுண்டு. அயல்மடத்துத் துறவி விருந்தாய் வரின், கிடைத்தது கொண்டு அமைதல் வேண்டுமென 61-ஆம் இயல் கூறும். இல்லறத்தாராய் வரும் விருந்தினர் கடன் யாதென்பது 53-ஆம் இயலில் கூறப்படவில்லை. ஓம்புவார் கடனை இத்துணை விரித்த ஆசிரியர் ஓம்பப்படுவார் கடனையும் உடன் வைத்திருப்பின் நூல் நிறைவுற்றிருக்கும்.

இக்குறை இக்காலத்தே பெரிதும் புலனாகின்றது. அடிகள் நெறிநிற்கும் மடங்கள் பல இன்றும் இரவில் தங்க இடந்தருகின்றன. காட்சியின்பம் ஒன்றே கருதி ஆண்டுச் செல்வாரும் உளர். இட்டதை உவந்துண்டலும், ஆரவாரம் ஒழிதலும், வழிபாட்டு வேளையைப் போற்றலும் அவர்க்கு எழுதப்படாத விதிகளாம். கிறிஸ்துவாக எண்ணித் தம் காலைக் கழுவ விதித்த மனையில், அவ்வெண்ணத்திற்கு இழுக்கு நேராவாறு ஓரிரவேனும் ஒழுகுதல் விருந்தினர்க்குக் கடனாமென்க.