ரிச்சி தெருவும் எங்கள் உப்புக்காற்றும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரத் தம்பியிடம் எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு விலை கேட்டேன். "சிலோனுக்கா அண்ணே? அங்க இதெல்லாம் கிடைக்காதா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதற்கு முதல் என் பேச்சை வைத்து "ஜாஃப்னாவா?" என்றார். புத்தளம் என்றதும் "அது எங்க இருக்கு?" என்றார். பிறகு "தெனாலி" படத்துக் கமல் மாதிரி நான் கதைப்பதாகவும் சொன்னார். அவையெல்லாம் பழகிப்போனவை. எஸ்.எஸ்.டி. விஷயத்தைத்தான் விட மனம் வரவில்லை. கடையில் பதில் சொல்ல நெரிசல் விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கிடைக்கும் தம்பி. கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியோரம் யுனிட்டி பிளாசா என்று ஒரு கட்டடம் இருக்கிறது. மாடி மாடியாகக் கொம்பியூட்டர்க் கடைகள். ரிச்சி தெருவோடு நரசிங்கபுரம் தெருவையும் மீரான் சாகிப் தெருவையும் சேர்த்தால் வரும் கடைக் கணக்குக்கு அது பக்கத்திலும் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கரையில் இருப்பவனுக்குப் பம்பலப்பிட்டிக்குப் போகும் தேவையும் பெரிதாக இல்லை. புத்தளத்துக் கடையில் காலையில் சொன்னால், கடைக்காரர் கொழும்புக்குப் போன் போடுவார், பின்னேரம் பஸ் கண்டக்டர் கையில் பார்சல் வந்துவிடும். இரண்டு ஊர்க் கடையிலும் பெட்டிக்குள் இருப்பது ஒரே சாமான்தான். சிப்பைச் செய்தவன் கொரியாவிலோ யப்பானிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். அதை அடுக்கி வைத்து விற்பதில் எந்தத் தெருவுக்கு என்ன பெருமை? வரியும் ஒன்றுதான்: அங்கே ஜி.எஸ்.டி. 18 வீதம், இங்கே 2024 ஜனவரியிலிருந்து வாட் 18 வீதம்.

என் கதை மருமகனின் கொம்பியூட்டரைப் பற்றியது. எங்கள் கற்பிட்டிப் பக்கம் பொடியன்மார் வைத்திருக்கும் கேமிங் இயந்திரங்கள் அநேகம் ஒரே சாதி. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்.பி. பெட்டிகள் கப்பலில் வரும். அதில் ஒன்றை வாங்கி, தனி மின்கம்பி தேவைப்படாத ஜி.டி.எக்ஸ். 750 டிஐ அல்லது 1050 டிஐ கார்டைச் செருகிவிடுவார்கள். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் இதைப் "பாவித்த கொம்பியூட்டர்" என்போம். தமிழ்நாட்டில் "செகண்ட்ஸ் சிஸ்டம்". சிஸ்டம் என்றால் எனக்கு அரசாங்கம்தான் ஞாபகம் வரும், ஒரு மேசைப்பெட்டிக்கு அவ்வளவு பெரிய பெயர் எதற்கோ. நாங்கள் "வொரண்டி" என்பது அவர்களுக்கு "வாரண்டி"; எங்கள் காதில் அது பொலிஸ் பிடியாணை போல விழுகிறது.

மருமகன் சென்னையில் படிக்கிறான். அவன் கூட்டாளிகள் எல்லாரும் என்.வி.எம்.இ. வாங்கச் சொன்னார்களாம். நொடிக்கு மூவாயிரம் எம்.பி., அதற்குக் குறைந்தால் எடுக்காதே என்றார்களாம். இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் கோபம். அவன் வீட்டில் விட்டுப்போன பெட்டி ஒப்டிப்ளெக்ஸ் 3010. அதன் போர்டில் இருப்பது எச்61 சிப்செட், 2011இல் வந்தது. எம்.2 துளையே கிடையாது, சாட்டா போர்ட்கள் எல்லாமே இரண்டாம் தலைமுறை. கார்ட் ஒன்றைப் போட்டு என்.வி.எம்.இ.யைச் செருகினாலும் அந்தக் காலத்து பயோஸ் அதிலிருந்து விண்டோஸை எழுப்பாது. ஆக, இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றுதான் வழி. அதுவும் நொடிக்கு 550 எம்.பி. ஓடக்கூடியது இந்தப் போர்டில் 270, 280க்கு மேல் போகாது. அடுத்த வரிசை எச்81 போர்ட் என்றால் நான்கு துளைகளில் இரண்டு மூன்றாம் தலைமுறை. அங்கே எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதைப் பார்த்துச் செருக வேண்டும்.

வேகம் பாதியானதால் நட்டமில்லை. ஹார்ட் டிஸ்க் ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்கப் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி எடுக்கும், எஸ்.எஸ்.டி.க்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒன்று போதும். விண்டோஸ் எழும்புவதும், கேம் வரைபடம் திறப்பதும், ஜி.டி.ஏ.யில் காரை வேகமாக ஓட்டும்போது தெரு வராமல் திக்கி நிற்பது குறைவதும் அதனால்தான். எப்.பி.எஸ். கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது கிராபிக்ஸ் கார்ட் பார்க்கும் வேலை.

இனி நம்பகம். ரிச்சி தெருவில் இந்தச் சொல்லுக்கு வேகமும் விலையும்தான் அர்த்தம் போல எனக்குப் பட்டது. எங்கள் கரையில் வேறு மூன்று விஷயம் வந்துவிடும்.

ஒன்று காற்று. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் உப்பளம். யன்னல் கம்பியைத் தின்கிற காற்று கொம்பியூட்டர்ப் பெட்டியைச் சும்மா விடுமா? ஹார்ட் டிஸ்கில் காற்றழுத்தம் சமப்பட ஒரு சிறு துவாரம் வைத்திருக்கிறார்கள், வடிகட்டியோடு. மோட்டாரும் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் இரண்டும் இல்லை. ஆகவே எங்களுக்கு இது வேகத்துக்காகச் செய்யும் ஆடம்பரம் மாத்திரம் அல்ல. ஆனால் பழைய சாட்டா கேபிளை அப்படியே கழற்றி மாட்டினால் அதன் முனையில் படிந்த பச்சையும் கூடவே வரும். "புது எஸ்.எஸ்.டி. செத்துப்போயிற்று" என்று கொண்டுவருவதில் பல, கேபிளை மாற்றியதும் எழும்பிவிடும் என்று எங்கள் ஊர்த் திருத்துநர் சொல்வார். சென்னையும் கடற்கரைதான் என்று நீங்கள் கேட்கலாம். மெரினாவிலிருந்து ரிச்சி தெரு கூப்பிடு தூரம். ஆனாலும் அங்கே உப்பளத்துக்கு நடுவில் யாரும் கேம் விளையாடுவதில்லை.

இரண்டாவது கரண்ட். நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் முற்றத்தில் நிற்கிறது, 900 மெகாவாட். நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது, சாம்பலின் பங்கு எங்களுக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்தில் ஏறியதாகச் சொன்னார்கள், முழு நாடும் இருண்டது. கரண்ட் திடீரென்று போவதுதான் எஸ்.எஸ்.டி.யின் பெரிய எதிரி. எந்தத் தகவல் எந்தச் சிப்பில் கிடக்கிறது என்ற அட்டவணையை அது எழுதிக்கொண்டிருக்கும் நேரம் கரண்ட் போனால், சில வேளை அட்டவணையே குழம்பி, பயோஸ் அந்த டிரைவைக் காணாது. குரூஷியல் எம்.எக்ஸ்.500 போன்றவற்றில் ஏற்கெனவே எழுதிய தகவலைக் காக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. மலிவானவற்றில் அதை எதிர்பார்க்க முடியாது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர் எங்களைவிடச் சாமர்த்தியசாலிகள். 2012 வாக்கில் அங்கேயும் மாவட்டங்களில் பல மணித்தியால மின்வெட்டு. அதன் பிறகு வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்துக்கொண்டார்கள், அது அங்கே வீட்டுச் சாமான். நாங்கள் 2022இல் மெழுகுதிரி தேடினோம். இப்போது புத்தளத்தில் கேமிங் பெட்டிக்கு யூ.பி.எஸ். கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள் என்பது ஓர் ஆறுதல்.

மூன்றாவது டேட்டா. மருமகன் சொல்வது இது: அங்கே ஜியோ பைபரில் மாதத்துக்கு 3,300 ஜிபி. டிரைவ் செத்தால் அவன் கூட்டாளி கவலைப்படுவதில்லை, இரவு டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்குகிறான். எங்கள் பக்கம் 4ஜி ரவுட்டர், ஜிபி எண்ணித்தான் வாழ்க்கை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பது 150 ஜிபி. அதை ஒருவன் இறக்கினால் அந்தக் கோப்புகள் டிரைவோடு நாலு ஊர் சுற்றி, இறக்கியவன் கைக்குக் கடைசியாகத்தான் திரும்பி வரும். இதை வறுமை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். எனக்கு இது ஊர்க்காரத்தனம். ஆனால் ஒரு டிரைவ் போனால் நாலு பேருடைய கேமும் போகும்.

வொரண்டிக்கு வருவோம். கொழும்புக் கடைப் பற்றுச்சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு கணக்கு இருக்கும்: ஒரு வருடம் என்றால் 350 நாள். மீதி நாட்களை யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டுப் பிரயோசனமில்லை. அதற்குக் கீழே கருகிய அடையாளம், உடைவு, துரு இருந்தால் வொரண்டி இல்லை என்று போட்டிருக்கும். துரு! கற்பிட்டியில் இருப்பவனிடம் துருப்பிடிக்காமல் கொண்டுவா என்கிறார்கள். இதைச் சொல்லித்தான் மருமகன் இந்தியாவில் வாங்கலாம் என்றான். வாங்கலாம். ஆனால் கொழும்பு முகவரின் ஸ்டிக்கர் இல்லாத டிரைவை இங்கே முகவர் கையில் தொடமாட்டார். பழுதானால் திரும்பச் சென்னைக்குத்தான் போக வேண்டும். டிக்கெட் காசில் இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கலாம். எங்கள் புத்தளத்துக் கடைக்காரர் "கொண்டாங்க நானா, பார்ப்பம்" என்பார், கொழும்புக்கு அனுப்புவார், கிழமை கழித்து அழைப்பார். ரிச்சி தெருவில் அப்படிச் சொல்பவர்கள் இல்லாமலிருக்க முடியாது. நெரிசலில் எனக்கு அகப்படவில்லை.

இந்தியாவில் பெட்டியின் மேலேயே எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்க வேண்டும், சட்டம் அப்படி. பார்த்தபோது நல்லதாகத்தான் தெரிந்தது. எங்களுடைய விலை டொலர் ஏறும் நாளில் ஏறும். ஆனால் அந்த எம்.ஆர்.பி. கடை விலையைவிட எவ்வளவோ மேலே இருந்தது. பேரம் தொடங்கும் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும் ஓர் எண் எதற்கு?

இனித் தேர்வு. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு ஐந்து வருடம் அல்லது 300 டெராபைட் எழுத்து என்று கம்பனி சொல்கிறது. கிங்ஸ்டன் ஏ400 480 ஜிபிக்கு மூன்று வருடம், 160 டெராபைட். குரூஷியல் பி.எக்ஸ்.500 480 ஜிபிக்கு மூன்று வருடம், 120 டெராபைட். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் 120 டெராபைட் முடியப் பதினாறு வருடம் ஆகும். அதற்கு முதல் அந்த ஒப்டிப்ளெக்ஸைக் காயலான் கடைக்காரன் கொண்டுபோயிருப்பான். வித்தியாசம் வேறு இடத்தில்: ஈவோவுக்கும் எம்.எக்ஸ்.500க்கும் சொந்தமாக டிராம் உண்டு, மற்ற இரண்டுக்கும் இல்லை. டிரைவ் நிரம்பிக்கொண்டு வரும்போது பெரிய கேம் ஒன்றைக் கொப்பி பண்ணினால் அது தெரியும். குரூஷியலை நினைத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2025 டிசம்பரில் அதைச் செய்யும் மைக்ரோன் அந்தப் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. மிச்சம் இருப்பதை வாங்கலாம், முகவர் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு.

மருமகனின் பெட்டியில் நான் போட்டது ஈவோ. சாமான் கொழும்பிலிருந்து வந்தது, கேபிளும் புதிது. பயோஸில் ஏ.எச்.சி.ஐ. இருக்கிறதா என்று பார்த்து, புதிதாக விண்டோஸ் போட்டு, கிறிஸ்டல் டிஸ்க் இன்போவில் ஓடிய மணித்தியாலம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டேன். புதிது என்று விற்பதில் பாவித்ததும் வருகிறது, அது இரண்டு நாட்டிலும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றவில்லை, படமும் பாட்டும் அதில் கிடக்கட்டும். பெட்டியைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூட்டாளிகளுக்குக் காட்டினானாம். "சாட்டாவா?" என்று சிரித்தார்களாம்.