கணையாழியும் சிலம்பும்

வட்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆதலின் பண்டை மக்கள் பலரும் காவலுக்கும் நிலைபேற்றுக்கும் அதனைக் குறியாகக் கொண்டனர். எகிப்தியர் கயிற்று வளையம் ஒன்றை 'ஷென்' என்னும் காப்புக் குறியாகப் போற்றினர். அதனையே நீட்டி, உள்ளே மன்னர் பெயரைப் பொறித்தனர். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த, அரைச்சாண் உயரமே உள்ள வெண்கல நங்கையின் இடக்கை முழுதும் வளையல்களே.

இலக்கியத்துள் புகுந்த வளையமோ அணி என்ற அளவில் நிற்பதில்லை, சான்றாகிறது. எவர் சொல்லுக்குச் சான்று என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

மகாபாரதச் சகுந்தலையிடம் கணையாழி இல்லை. அரசவையில் துஷ்யந்தன் அவளை அறிந்தே மறுக்கிறான். அவள் தன் சொல்லையே துணையாகக் கொண்டு வாதிடுகிறாள். அசரீரி அதனை மெய்ப்பிக்கிறது. காளிதாசர் தம் நாடகத்தில் துருவாசர் சாபத்தையும் கணையாழியையும் அமைத்தார். மறதி சாபத்தால் வந்தது என்றமையின் மன்னன் பழியினின்று நீங்கினான். ஆனால், கணையாழியை நீரில் இழந்த சகுந்தலையின் சொல் அவையில் எடுபடவில்லை. மீன் வயிற்றிலிருந்து அது மீண்ட பின்னரே அவள் கூறியது மெய்யாயிற்று. நாடகச் சுவை மிகுந்தது. பெண்ணின் சொல்வன்மை குன்றியது என்றே நாம் கருதுகிறோம்.

இளங்கோவடிகள் சென்ற நெறி வேறு. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், அதனை ஒத்த கோவலன் சிலம்பைக் காட்டிப் பழியை அவன்மேல் ஏற்றினான். புறத்தோற்றம் பொய்க்குத் துணையாயிற்று. வழக்குரைக்க வந்த கண்ணகி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்கிறாள். பாண்டியன் தமது சிலம்பின் பரல் முத்து என்கிறான். பின்னரே அவள் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. சொல் முன்னின்றது, பொருள் அதன்பின் வந்து சான்று பகர்ந்தது. அதுவும் வட்டம் உடைந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது!

ஊழின் வலியைப் பேசும் காப்பியமே சிலம்பு. ஆயினும் பாண்டியன் ஊழின் பின்னே ஒளியவில்லை. தன் பிழையைத் தானே ஏற்று உயிர் துறந்தான். துஷ்யந்தனுக்குக் கிட்டிய புகலிடத்தை இளங்கோ இவனுக்கு அளிக்கவில்லை. அதுவே இம்மன்னனின் பெருமையும் ஆகும்.

தமிழகத்திற்கு அப்பால் வாழும் நாம், நம் மக்களுக்கு இக்கதையைச் சொல்லுங்கால் எரியுண்ட மதுரையையே விரித்துரைக்கிறோம். அதற்கு முன், ஓர் அவையில் தனித்து நின்ற பெண்ணின் சொல் கேட்கப்பட்டதையும், முடிவேந்தன் அதற்குப் பணிந்ததையும் சேர்த்தே சொல்வோமாக.