கரண்ட் போனதும் தானே மாறிக்கொள்ளும் லேப்டாப்: டிஎல்பி ஒரு பார்வை

பிளக்கைப் பிடுங்காமலே லேப்டாப் பேட்டரிக்கு மாறிவிடுகிற ஊர் நம்முடையது. சார்ஜர் சொருகியபடியே இருக்கும், சுவிட்சும் போட்டபடியே இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்துவார்கள். காற்றும் மழையும் வந்தால் அறிவிப்பில்லாமலே நின்றுவிடும். கையில் வேலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் செட்டிங்ஸைத் திறந்து சிக்கன முறைக்கு மாற்ற ஞாபகம் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் என் கட்சி. கரண்ட் போனது லேப்டாப்புக்கு உடனே தெரியும். தெரிந்ததற்கு ஏற்ப அதுவே மாறிக்கொள்ள வேண்டும். கரண்ட் வந்ததும் அதுவே பழையபடி திரும்ப வேண்டும்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்ய டிஎல்பி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தாமஸ் கோக் என்பவர் பல ஆண்டுகளாக உருவாக்கிப் பராமரித்து வருகிறார். லெனோவோவின் திங்க்பேட் டி480 லேப்டாப்பில் உபுண்டு 24.04 நிறுவி, அதன்மேல் டிஎல்பியைப் போட்டு அன்றாட வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். டி480, 2018-இல் வந்த மாடல். அலுவலகங்கள் கழித்துவிட்ட பிறகு செகண்ட் ஹேண்ட் கடைகளில் நிறையவே கிடைக்கிறது. நம்மூரில் லினக்ஸ் பழகுகிறவர்கள் பலர் இந்த வகை லேப்டாப்பில்தான் தொடங்குகிறார்கள். இதில் பேட்டரி இரண்டு. 24 வாட்-மணி கொண்ட ஒன்று உள்ளேயே இருக்கும்; இன்னொன்றைப் பின்புறத்திலிருந்து கழற்றி மாட்டலாம்.

டிஎல்பியில் எனக்கு முதலில் பிடித்தது, அது பின்னணியில் விழித்துக்கொண்டு காத்திருப்பதில்லை என்பது. சார்ஜருக்குக் கரண்ட் வருகிறதா என்பதை லினக்ஸ் கர்னல் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருக்கும்: வந்தால் 1, நின்றால் 0. அந்த எண் மாறும்போது கர்னல் ஒரு சமிக்ஞை அனுப்பும். அதை யூடெவ் என்ற அமைப்பு வாங்கி டிஎல்பியை எழுப்பும். டிஎல்பி வந்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டுப் போய்விடும். லேப்டாப் பூட் ஆகும்போதும், தூக்கத்திலிருந்து எழும்போதும் இதே வேலை ஒருமுறை நடக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த மென்பொருள் தானே மின்சாரம் தின்னக் கூடாது. இந்த வடிவமைப்பில் அந்த அக்கறை தெரிகிறது.

முக்கிய அமைப்புக் கோப்பு ஒன்றுதான். பெரும்பாலான விஷயங்களுக்கு அதில் இரண்டு வரிகள் உண்டு: கரண்டில் இருக்கும்போது எப்படி, பேட்டரியில் இருக்கும்போது எப்படி. எதையும் தொடாமல் விட்டாலே போதுமான அளவுக்கு வேலை செய்யும். பேட்டரிக்கு மாறியதும் செயலியின் போக்கு வேகத்திலிருந்து சிக்கனத்தின் பக்கம் சாயும், வைஃபை சிக்கன முறைக்குப் போகும், சும்மா இருக்கும் உள் உறுப்புகள் தூங்கப் போகும்.

செயலி விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். என் டி480-இல் இருப்பது இன்டெல் ஐ5-8250யூ. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை ஏறும். பேட்டரியில் இருக்கும்போது டர்போவை அடியோடு நிறுத்தவும் டிஎல்பியில் வசதி இருக்கிறது. பலர் ஆர்வமாக முதலில் செய்வது இதைத்தான்; நான் பரிந்துரைக்க மாட்டேன். கனமான இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் டர்போ இல்லாத செயலி முக்கி முனகுகிறது. வேகமாக முடித்துவிட்டு ஓய்வுக்குப் போக வேண்டிய வேலையை நெடுநேரம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. டர்போவை விட்டுவைத்து, செயலியின் போக்கை மட்டும் சிக்கனத்துக்கு மாற்றினால், எழுத்து வேலை, மின்னஞ்சல், பிரௌசர் என்ற அளவில் வித்தியாசமே தெரிவதில்லை.

எவ்வளவு மிச்சம்? திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்து எழுதிக்கொண்டிருந்தால், என் லேப்டாப் ஐந்து வாட்டை ஒட்டியே இழுக்கிறது. திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் அந்த எண் கண்முன்னே எகிறுகிறது. இங்கேதான் டிஎல்பியின் பெரிய குறை: திரை வெளிச்சத்தை அது தொடுவதே இல்லை. பேட்டரியை அதிகம் தின்னும் பொருள்களில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரிசெய்வதால், வெளிச்சம் குறைக்கும் வேலையை டெஸ்க்டாப்பிடமோ நம்மிடமோதான் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. கேடிஇ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கரண்டில் ஒரு வெளிச்சம், பேட்டரியில் ஒரு வெளிச்சம் என்று அதிலேயே தனித்தனியாகக் குறித்து வைக்கலாம்.

இன்னொரு சிறு தொல்லை, காதில் விழுவது. ஒலி உறுப்பையும் டிஎல்பி தூங்க வைக்கிறது. பாட்டோ வீடியோவோ தொடங்கும்போது அது எழுந்திருப்பதால், சில லேப்டாப்களில் ஹெட்போனில் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். அமைப்புக் கோப்பில் அதற்கான வரிகளில் 0 போட்டால் சத்தம் நின்றுவிடும். வைஃபை சிக்கனமும் இப்படித்தான். ரவுட்டர் தொலைவில் இருந்து, பேட்டரியில் வீடியோ கால் திக்கித் திணறினால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.

நான் டிஎல்பியை விடாமல் வைத்திருப்பதற்கான காரணம் சார்ஜ் வரம்பு. லித்தியம் பேட்டரியை எந்நேரமும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும் சூடும் சேர்ந்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். நம் ஊர் வெயிலில், நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு இரண்டும் சேர்ந்தே வாய்க்கின்றன. டிஎல்பியில் 75-க்குக் கீழே இறங்கினால்தான் ஏற்று, 80-இல் நிறுத்து என்று எழுதி வைக்கலாம்; டி480-இன் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாகவே வைக்கலாம். வரம்பு வைத்த பிறகு 77 சதவீதத்தில் சார்ஜரைச் சொருகினால் ஏறாது. வீட்டில் வேறு யாராவது அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தினால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். நாளை பராமரிப்பு மின்தடை என்று தெரிந்தால், முதல் நாள் இரவு ஒரே ஒரு கட்டளையில் இந்த ஒரு தடவை மட்டும் முழுதாக ஏற்றச் சொல்லலாம். இந்த வசதி எல்லா லேப்டாப்பிலும் கிடைக்காது, வன்பொருள் இடம்கொடுக்க வேண்டும். திங்க்பேட்களில் நன்றாக வேலை செய்கிறது.

இனி, நம் வீடுகளுக்கே உரிய சிக்கல்: இன்வெர்ட்டர். தெருவில் கரண்ட் போயிருக்கும். ஆனால் பிளக்கில் இன்வெர்ட்டர் கரண்ட் வந்துகொண்டிருக்கும். லேப்டாப்பின் கண்ணுக்கு அதுவும் கரண்ட்தான். அந்தச் சின்னக் கோப்பில் 1 அப்படியே இருக்கும். டிஎல்பி அசையாது. லேப்டாப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டு, 65 வாட் சார்ஜர் வழியாகத் தன் பேட்டரியையும் இன்வெர்ட்டர் செலவிலேயே நிரப்பிக்கொள்ளும். இரவில் மின்விசிறிக்கு என்று சேர்த்து வைத்த சார்ஜ் இப்படித்தான் கரைகிறது. இதை டிஎல்பியின் குறையாகச் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் தன்னை அடையாளம் காட்டிக்கொள்வதில்லை. செய்யக்கூடியது என்ன? பேட்டரி அமைப்புக்கு மாறு என்று டிஎல்பிக்குக் கையால் கட்டளை கொடுக்கலாம். மறுபடி தானியங்கிக்குத் திரும்பச் சொல்லும்வரை, அல்லது லேப்டாப் மறுபடி பூட் ஆகும்வரை, அது அப்படியே இருக்கும். ஆனால் சார்ஜ் ஏறுவது இதனால் நிற்காது. சுருக்கு வழி, சுவிட்சை அணைத்துவிடுவது. அணைத்த நொடியில் மற்ற எல்லாம் தானாக நடந்துவிடும். சார்ஜ் வரம்பு வைத்திருப்பவர்களுக்கு இங்கேயும் லாபம், 80-ஐத் தொட்டிருந்தால் இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்கு எதுவும் போகாது.

உபுண்டுவில் ஏற்கெனவே பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற சேவை இருக்கிறதே, அது போதாதா? திரையின் மேல்மூலையில் சிக்கனம், சமநிலை, வேகம் என்று தேர்ந்தெடுக்கிறோமே, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இதுதான். பொத்தானை அழுத்த வேண்டியது நம் கை என்பதுதான் அதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல். என்றாலும், 2024-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு சமநிலை முறையிலேயே பேட்டரியா கரண்டா என்று பார்த்துச் செயலியின் போக்கை ஓரளவு தானே மாற்றிக்கொள்கிறது. ஏஎம்டி செயலி கொண்ட புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதிலேயே தொடரலாம். இரண்டையும் ஒன்றாக ஓடவிடக் கூடாது, ஒன்று வைத்ததை மற்றது கலைக்கும். டிஎல்பி வந்தால் உபுண்டுவின் அந்தப் பொத்தான் மறைந்துவிடும். டிஎல்பியின் 1.9 பதிப்பு அந்தப் பொத்தானைத் திரும்பக் கொண்டுவரும் வழியோடு வந்திருக்கிறது.

நிறுவிய கையோடு ஒரு சோதனை செய்துவிடுங்கள். டிஎல்பி-ஸ்டாட் என்ற கட்டளை, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும். கரண்டில் ஒருமுறை, சுவிட்சை அணைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். அணைத்த பிறகும் கரண்ட் என்றே காட்டினால், உங்கள் லேப்டாப் தகவலைத் தப்பாகக் கொடுக்கிறது. குறிப்பிட்ட மின் மூலத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது; அதில் தொடங்குங்கள்.