புதிர் அவிழ்ந்த பின்

1930-இல் இலண்டனில் தோன்றிய 'டிடெக்ஷன் கிளப்' என்னும் துப்பறியும் கதையாசிரியர் கழகம், இரவு விருந்துகளில் கூடுவது வழக்கம். புதிதாய்ச் சேருவோர் மண்டையோட்டின்மீது கைவைத்து, இறைவெளிப்பாட்டையோ தற்செயலையோ துணைக்கொண்டு புதிரை அவிழ்ப்பதில்லை என்று விளையாட்டாய் வாக்களிப்பர். கழகத்தின் முதல் தலைவர் செஸ்டர்டன், 1922-இல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவியவர். துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்து, அவற்றில் இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றல்களை விலக்கிய உறுப்பினர் ரொனால்டு நாக்ஸ், கத்தோலிக்கக் குரு.

இது முரணாகாது. செஸ்டர்டன் 1910-இல் எழுதிய முதல் பிரவுன் அடிகளார் கதையில், குருவேடமிட்ட திருடன் பிளாம்போ பகுத்தறிவைப் பழிக்கிறான். அவன் குருவல்லன் என்பது அடிகளாருக்கு அதனாலேயே உறுதியாகிறது. விசுவாசம் அறிவுக்குப் பகையன்று.

ஆயினும் கழகத்தின் விதிகளில் ஒரு குறையுண்டு. குற்றவாளி யாரெனத் தெரிந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அவனுடைய ஆன்மாவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பிரவுன் அடிகளாரோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மனித உள்ளத்தைக் கற்றவர். அவர் கள்வனைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல் அவன் மனந்திரும்பவும் வழிசெய்கிறார். பிளாம்போ திருட்டைக் கைவிட்டு, பின்னர் துப்பறிவாளனாகவே வாழ்கிறான்.

புதிரை அவிழ்க்க அறிவு போதும். அவிழ்ந்தபின் எஞ்சி நிற்கும் மனிதனுக்கு இரக்கம் வேண்டும். அந்த இரக்கமே செஸ்டர்டனின் கதைகளை, விடை தெரிந்த பின்னும் நம்மை மீண்டும் படிக்கச் செய்கிறது.