பூனை பேணும் பக்குவம்

பூனை தன் நோவை எளிதில் வெளிக்காட்டாத விலங்கு. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடியது. எலிக்கு எமனாக இருந்த அதுவே தன்னினும் பெரிய மிருகங்களுக்கு இரையாகவும் இருந்தது. தளர்ந்து கிடந்தால் துணைக்கு வரக் கூட்டம் இல்லை, தளர்ச்சி தெரிந்துவிட்டாலோ பகை தேடி வரும். சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் அருகே பூனையைப் புதைத்திருந்த சுமார் 9,500 ஆண்டுப் பழைய குழி 2004-ல் அறிவிக்கப்பட்டது. இத்தனை நெடிய உறவுக்குப் பின்னும் மறைக்கும் சுபாவம் மாறவில்லை. ஆகவே பூனை வளர்ப்பில் கைதேர்ந்தவரின் திறமை மருந்திலும் விலையுயர்ந்த தீவனத்திலும் தொடங்குவதில்லை. நல்ல நாளில் பூனை எப்படி உண்கிறது, எங்கே படுக்கிறது, எத்தனை முறை மண்பெட்டிக்குப் போகிறது என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பதில் தொடங்குகிறது. வழக்கம் தெரிந்தவருக்கே வழக்கத்தின் பிசகு கண்ணில் படும்.

உணவு

பூனையின் உடம்பு ஊனுக்கென்றே அமைந்தது. காரட்டின் நிறமியை அதனால் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள முடியாது. அந்தச் சத்து ஈரல் போன்ற புலால் உணவிலிருந்து நேராக வர வேண்டும். டாரின் என்னும் அமினோ அமிலமும் அப்படியே. டாரின் குறைந்தால் விழித்திரை சிதையும் என்பதை 1975-ல் கே. சி. ஹேய்ஸ் குழுவினர் காட்டினார்கள். 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் குழுவினர், இதயத் தசை தளர்ந்த பூனைகள் டாரின் கொடுத்ததும் தேறியதைக் கண்டார்கள். அவற்றில் பல, கடையில் வாங்கிய தீவனத்தைத் தின்று வளர்ந்தவை. அதன்பிறகே தீவனத்தில் டாரின் அளவு கூட்டப்பட்டது.

தமிழ்நாட்டு வீடுகளில் பூனைக்கென்று வைக்கப்படும் பாலும் தயிர்சாதமும் இந்தக் கணக்கில் தேறுவதில்லை. குட்டிப் பருவம் கழிந்ததும் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். பால் குடித்தபின் வயிறு இளகுவது அதனால்தான். வெந்த சோறு செரிக்கும், வயிறும் நிறையும், ஆனால் டாரின் வராது. மீன் மட்டுமே போடுவதும் சரிப்படாது. பச்சையாகப் போடும் சில வகை மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கொழுப்பு மிகுந்த மீனையே நாளும் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பில் அழற்சி காணும். தினமும் ஈரல் என்றால் வைட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்புகள் இறுகும். எலும்பில்லாத கறியே கதி என்று வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாமல் எலும்பு வளையும். ஒவ்வொன்றும் நல்ல உணவுதான். ஒன்றையே கட்டிக்கொண்டு அழுவதில்தான் கேடு.

வீட்டில் சமைத்துப் போடுபவர்களின் நேர்த்தி சின்ன விஷயங்களில் தெரியும். டாரின் நீரில் கரைவது. எனவே கோழிக்கறி வெந்த நீரைக் கொட்டாமல் கறியோடு கலந்து வைப்பார்கள். உப்பு சேர்ப்பதில்லை, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால் அடுப்பங்கரையில் தாளிப்பதற்கு முன்பே பூனையின் பங்கை எடுத்து வைத்துவிடுவார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே நீட்டாமல் உடற்சூடு அளவுக்கு வெதுவெதுப்பாக்குவார்கள். சூட்டில் மணம் எழும். பூனை மணத்தை நம்பியே வாய் வைக்கும். ஆனாலும் முழுக்க வீட்டுச் சமையலை நம்புவதானால், கால்சியமும் டாரினும் எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதற்கு வசதியில்லாத வீட்டில், முழுச் சத்துணவு என்று குறிப்பிட்ட தீவனமே பாதுகாப்பு.

அளவும் முக்கியம். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். உலர்தீவனமானால் ஏறக்குறைய 55 முதல் 65 கிராம். ஒரு சுண்டெலி சுமார் 30 கலோரி. காட்டில் இருந்தால் நாளெல்லாம் எட்டுப் பத்துச் சிறு வேட்டையாக உண்ணும் விலங்குக்கு ஒரே வேளையில் கிண்ணம் நிறைப்பதைவிட நாலைந்து தடவையாகப் பிரித்து வைப்பதே இயல்பு. அளவு சரியா என்பதைக் கை சொல்லிவிடும். விலாவைத் தடவும்போது விரித்த கையின் புறங்கையைத் தடவுவதுபோல எலும்புகள் மெல்லிய பூச்சுக்குக் கீழே தட்டுப்பட்டால் உடம்பு சரி. மடக்கிய முட்டிபோலத் துருத்தினால் மெலிவு, உள்ளங்கைபோல மெத்தென்றிருந்தால் பருமன். பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் குவிந்து உயிருக்கு உலை வைக்கும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு அளவில் குறைந்தால் போதும்.

பாலைவனத்தை ஒட்டிய நிலத்தில் தோன்றிய விலங்காதலால் பூனை தாகத்தை அவ்வளவாக உணராது. இரையின் உடம்பிலேயே 70 விழுக்காடு நீர் இருந்தது. உலர்தீவனத்திலோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஈர உணவில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு என்பதால், நாளுக்கு ஒரு வேளையாவது அதைக் கொடுப்பது சிறுநீரகத்துக்குத் துணை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் வைத்தால் போகிற வருகிற வழியில் நக்கிக்கொள்ளும்.

இடமும் மண்பெட்டியும்

பூனை ஒரு வீட்டை உயரத்தால் அளக்கிறது. அலமாரியின் மேல்தட்டு, ஜன்னல் விளிம்பு, கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி என்று ஏறவும் ஒளியவும் இடமிருந்தால் சிறிய வீடும் அதற்குப் பெரிது. அடுக்குமாடியில் பால்கனிக்கு வலை அடிப்பதை முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். பறவையைப் பார்த்து ஒரே தாவாகத் தாவும் பூனை மாடியைக் கணக்கிடுவதில்லை. நகம் தீட்டுவது குறும்பல்ல, உடலை நீட்டி முறிக்கவும் மணத்தால் எல்லை குறிக்கவும் அது செய்யும் நித்திய வேலை. முழு உடம்பும் நீளும் உயரத்தில், அசையாத கட்டைக்குத் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றி, அது தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சோபா தப்பும்.

மண்பெட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆற்றுமணலும் சாம்பலுமே வழக்கமாக இருந்த காலத்தில், 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் எண்ணெய் உறிஞ்சப் பயன்பட்ட களிமண் துகளைப் பூனைக்கென விற்கத் தொடங்கினார். வீட்டுக்குள்ளேயே பூனை வாழ அது வழி திறந்தது. இன்று புழங்கும் பென்டொனைட் களிமண் ஈரம் பட்டதும் கட்டியாகிவிடும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதல், பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம், வாசனை சேர்க்காத மண், சோற்றுக்குத் தொலைவான, சந்தடியில்லாத மூலை – இவ்வளவுதான் இலக்கணம்.

தினமும் அள்ளிக் கொட்டும் வேலையை அலுப்பாகக் கருதாதவர்களே இந்தக் கலையின் உண்மையான ரசிகர்கள். கரண்டியில் வரும் ஒவ்வொரு கட்டியும் ஒரு தகவல். பெரும்பாலான பூனைகளுக்கு நாளுக்கு இரண்டு முதல் நான்கு கட்டி என்பது வழக்கமான கணக்கு. கட்டிகள் எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ என்று சோதிக்க வேண்டும். பட்டாணி அளவில் பலவாகச் சிதறிக் கிடந்தால் சிறுநீர்ப்பையில் அழற்சி இருக்கலாம். கடுவன் பூனை பெட்டியில் குந்தி முக்கியும் மண் நனையவில்லை என்றால் நேரம் காலம் பார்க்கக் கூடாது. அதன் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கும் பூனையை அடிப்பதால் பயனில்லை. முதலில் மருத்துவர், அடுத்து பெட்டியின் சுத்தமும் இடமும், கடைசியாகத்தான் குணம் என்ற வரிசையில் காரணம் தேட வேண்டும்.

குணம்

பூனையோடு பழகுவதில் முதல் அடியை அதற்கு விட்டுக்கொடுப்பதே பாதி வித்தை. சூரிச்சில் டென்னிஸ் டர்னர் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், மனிதர் தேடிப்போய்த் தொடங்கிய கொஞ்சலைவிடப் பூனை தானாக வந்து தொடங்கிய கொஞ்சல் நீண்ட நேரம் நீடித்தது. கண்ணை மெல்ல மூடித் திறந்தால் பூனையும் அப்படியே பதில் செய்வதையும், அப்படிச் செய்தவரை அது நெருங்க முனைவதையும் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் உறுதி செய்தது. கன்னமும் மோவாயும் காதின் அடியும் தடவ ஏற்ற இடங்கள். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம். தடவச் சொல்லும் அழைப்பாக எடுத்துக்கொண்டால் பிறாண்டல்தான் மிஞ்சும். வால் விசிறத் தொடங்கும், முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும், காது பக்கவாட்டில் திரும்பும். கடிக்கு முன் இந்த மூன்றில் ஒன்றாவது வரும். அதைக் கண்டதும் கையை எடுப்பவரைப் பூனை கடிப்பது அபூர்வம்.

விளையாட்டு பூனைக்கு வேட்டையின் மறுபதிப்பு. பதுங்கல், துரத்தல், பாய்ச்சல், கடி என்ற வரிசை முடிய வேண்டும். கோலின் நுனியில் இறகைக் கட்டி, பூனையின் முகத்தை நோக்கி ஆட்டாமல் அதைவிட்டு விலகி ஓடும்படி இழுத்து, நடுவே திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தி, கடைசியில் பிடிபட விட்டு, உடனே சோறு வைத்தால் ஆட்டம் நிறைவாகும். லேசர் புள்ளி ஒருபோதும் பிடிபடாததால் ஏக்கமே மிஞ்சும். மேலைநாட்டார் கேட்னிப் இலையைத் தருவதுபோல, இங்கே வேலியோரம் தானாக முளைக்கும் குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டாலும் பல பூனைகள் சொக்கிப் புரளும். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு.

நலம்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. பேன்லூகோபீனியாவும் இரண்டு வகைச் சளிக் காய்ச்சல் வைரஸ்களும் இதில் அடங்கும். பேன்லூகோபீனியா வைரஸ் வீட்டில் ஓராண்டு வரைகூடத் தங்கும். அதற்கு ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீட்டில் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி 12 வாரத்துக்குமேல், பின்னர் ஆண்டுதோறும். ஐந்து மாதம் நெருங்கும்போது கருத்தடை செய்தால் பெண்பூனை சினைப்படுவதும் கடுவன் சுவரெங்கும் பீச்சுவதும் தெருச் சண்டையும் பெருமளவு தவிரும்.

வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சில பொருள்கள் பூனைக்கு எமன். நஞ்சைச் சில வகையில் முறிக்கும் ஓர் ஈரல் நொதியின் மரபணு பூனையில் செயலிழந்துவிட்டது. அதனால் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூடக் கொல்லும். ஃபீனைல் போட்டுத் துடைத்த ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் கேடு. நாய்க்கான பெர்மெத்ரின் தெள்ளுமருந்து, பாச்சை உருண்டை, லில்லிப் பூவின் மகரந்தம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். பூக்கட்டிய நூலை விழுங்கி, முனை வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இழுத்தால் குடல் அறுபடும்.

வலியைப் படிக்க இன்று ஓர் அளவுகோல் உண்டு. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்டது. காது நிமிர்ந்திருக்கிறதா, விலகித் தட்டையாகிறதா. கண் அகன்றதா, இடுங்கியதா. மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி உருண்டையாகத் தளர்ந்ததா, இறுகி நீண்டதா. மீசை வளைந்து தொங்குகிறதா, விறைத்து நிற்கிறதா. தலை தோளுக்கு மேலா, கீழா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு நான்கு தொட்டால் வலிமருந்து தேவை. கொர்கொர் ஒலியை நம்ப முடியாது. நோகும் பூனையும் கொர்கொர் என்னும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-க்குமேல் தொடர்ந்து போனாலோ, ஓடியாடாமலே வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ அது அவசரம்.

மாத்திரை கொடுப்பது கைத்திறனின் உச்சம். துண்டு விரித்த மேசையில் பூனையின் பின்புறம் கொடுப்பவரின் வயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும். இடக்கை மேலிருந்து இரு கன்ன எலும்பையும் பற்றி மூக்கைக் கூரை நோக்கி உயர்த்தினால் கீழ்த்தாடை தானே தளரும். வலக்கையின் நடுவிரல் முன்பல்லில் பட்டுத் தாடையை இறக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை நாக்கின் பின்கோடியில் போட வேண்டும். வாய் மூடிய பின் பூனை மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரை வாயோரம் சிறிது சிறிதாக விட வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும்.

முதுமை

பத்து வயதைக் கடந்த பூனைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். 4 கிலோ பூனை 200 கிராம் இளைப்பது 60 கிலோ மனிதர் 3 கிலோ இளைப்பதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். அதனால் மாதந்தோறும் நிறுத்துக் குறித்து வைப்பது நல்ல வழக்கம். நிறையத் தின்றும் இளைத்தால் தைராய்டு, நிறையக் குடித்து இளைத்தால் சிறுநீரகம் அல்லது சர்க்கரை என்று முதல் சந்தேகம் போகும். 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களில் 90-ல் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. நொண்டும் பூனைகள் குறைவு. தாவுமுன் தயங்குவதும், இரண்டு தாவாகப் பிரித்து ஏறுவதும், முதுகின் பின்பகுதியை நக்காமல் ரோமம் சடைபிடிப்பதுமே அடையாளம். அப்போது ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலியும், மண்பெட்டியின் ஒரு பக்கத்தில் தாழ வெட்டிய வாசலும், மருத்துவர் தரும் வலிமருந்தும் சேர்ந்தால், பூனை தன் பழைய இடத்துக்குத் தானே ஏறிப் போகும்.