சிவப்புப் பொத்தானும் சேகரிப்பவரின் கண்ணும்

1

பழைய டூ-இன்-ஒன் செட்டுகளைச் சேகரிப்பது இன்று ஒரு தனி ரசனையாக, ஏறக்குறைய ஒரு தனிச் சொல்லாடலாகவே உருவாகிவிட்டது. ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் இருந்து, கைப்பிடி வைத்துத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அந்தச் செட்டுகளைத்தான் சொல்கிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அரை மணி நேரம் நின்றால் இந்தச் சொல்லாடலின் கலைச்சொற்கள் எல்லாம் காதில் விழுந்துவிடும்: மின்ட் கண்டிஷன், ஒரிஜினல் கேபினட், கீறல் விழாத டயல், மங்காத குரோம், வளையாத ஆன்டெனா. கவனித்துப் பார்த்தால் இந்தச் சொற்களில் ஒன்றுகூடக் காதுக்கு உரியதில்லை. ஒலிக்கென்று செய்யப்பட்ட ஒரு பண்டம் முழுக்க முழுக்கக் கண்ணின் ஆளுகைக்குள் வந்துவிட்டிருக்கிறது. செட்டு பாடுமா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். 'பாடலேன்னா பரவால்ல சார், ஷெல்ஃப்ல வெச்சா எடுப்பா இருக்கும்' என்கிறார் விற்கிறவர். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, வாங்குகிறவரின் மனசைப் படித்துத்தான் பேசுகிறார்.

பொருள்களைப் 'பயன்பட்டே தீரவேண்டும்' என்கிற அடிமைத்தனத்திலிருந்து சேகரிப்பவன் விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின், பாரிஸ் நகரத்தைப் பற்றி 1935இல் எழுதிய வரைவில் ஒரு கருத்தைச் சொல்கிறார். நானும் சில செட்டுகளை வாங்கி, பெல்ட் மாற்றி, ஹெட் துடைத்துப் பாடவைத்து வைத்திருப்பவன் என்பதால் அந்த வாக்கியத்தின் கவர்ச்சி எனக்குப் புரியாததில்லை. ஆனால் இந்த விடுதலையை யார் யாருக்குத் தருகிறார்கள்? ஒரு பொருள் இல்லாமலும் வாழ முடிந்தவருக்கே அதைப் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கும் வசதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றிருந்தவர்களின் பக்கத்திலிருந்து இந்தச் செட்டைப் பார்த்தால் அதன் வரலாறே வேறாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் படித்த ஊர்களில் ஒன்று நான் இருக்கிற பூந்தமல்லி. அங்கே போவதற்கு முன்னால் அந்தச் செட்டு என்ன செய்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

2

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட்டம். முதலில் இது டிக்டேஷன் எடுக்கிற அலுவலகச் சாமானாகவே, அதாவது பேச்சைப் பிடித்துவைக்கும் கருவியாகவே பார்க்கப்பட்டது. பாட்டு அப்புறம்தான் வந்தது. கேசட் என்றாலே இளையராஜா என்று பழகிவிட்ட நமக்கு இது மறந்துபோயிருக்கிறது.

சில வருடங்களுக்குள் ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் வந்தன. இந்தச் சேர்க்கையின் அரசியலை நாம் இன்னும் சரியாக யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அந்நாளில் ரேடியோ பெட்டிக்கு 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி உரிமம் வேண்டியிருந்தது; தபாலாபீசில் போய்ப் பணம் கட்டிப் புத்தகத்தில் வில்லை ஒட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அதாவது கேட்பதற்கே அரசின் அனுமதி வேண்டியிருந்தது. பேசுவதற்கோ இடமே கிடையாது. வானொலி வெறும் விநியோகக் கருவியாக நின்றுவிட்டது, கேட்பவரையும் பேசவைக்கும் தொடர்புக் கருவியாக அதை மாற்ற வேண்டும் என்று பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வாதாடினார். ரேடியோ அப்படி மாறவில்லை. ஆனால் அதே பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் வந்து சேர்ந்தது. அதையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கினால், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் பதிவுசெய்கிறவராகிவிடுகிறார். பிரெக்ட் கேட்டதில் பாதிதான் இது. அந்தப் பாதியே பெரிய விஷயம்.

1978-79இல் கொமேனியின் உரைகள் கேசட்டில் நகலெடுக்கப்பட்டு ஈரான் முழுக்கப் பரவியது உலகம் அறிந்த உதாரணம். நம் ஊரில் இது வேறு மாதிரி நடந்தது. துண்டுச்சீட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவுசெய்து தருகிற ரெக்கார்டிங் சென்டர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள், மேடைப் பேச்சுகள், 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடை டீக்கடையாக ஒலித்தது என்று ஒரு பெரிய ஒலிவெளி உருவானது. பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியாவை வைத்து எழுதிய கேசட் பண்பாடு பற்றிய நூல், இசைத் தொழிலில் சில நிறுவனங்களின் ஏகபோகத்தைக் கேசட் உடைத்ததை விரிவாகக் காட்டியது. முக்கியமான நூல்தான். ஆனால் அவருடைய அக்கறை இசை. விற்பனைக்கு வராத கேசட், ஒரே ஒருவர் கேட்பதற்காக ஒருவர் பேசி நிரப்பிய கேசட், இப்படிப்பட்ட ஆய்வுகளின் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. நான் பேச வந்தது அதைப் பற்றி.

3

பூந்தமல்லி என்றதும் மல்லிகைப் பூவையும் திருக்கச்சி நம்பியையும் சொல்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலையையும் தடா நீதிமன்றத்தையும் சொல்பவர்களும் உண்டு. இங்கே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பார்வையற்றோர் நிறுவனத்தின் தென்மண்டல மையமும் 1988 முதல் இங்கேதான் இயங்குகிறது. வெள்ளைத்தடியோடு டிரங்க் ரோட்டைக் கடக்கும் பையன்கள் இந்த ஊரின் அன்றாடக் காட்சி. இந்தப் பள்ளியில் படித்து, பிறகு கல்லூரியில் தமிழ் எம்.ஏ. முடித்து ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்குண்டு. எனக்கு மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். கேசட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடமிருந்து வந்தது.

பிரெயிலில் பள்ளிப் பாடப்புத்தகம் கிடைத்துவிடும்; கல்லூரிக்குப் போனதும் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் அச்சில் ஒரு கையில் அடங்குகிற நூல் பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாகிவிடும். அப்போது வழி கேசட்தான். கண் தெரிந்த யாராவது உட்கார்ந்து வாசித்துப் பதிவுசெய்து தரவேண்டும். சி-90 என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு இலக்கண நூலுக்கு எத்தனை கேசட் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அண்ணன் சொன்னார்: 'படிக்கிறவங்க மூக்க உறிஞ்சினாக்கூட அது பாடத்தோட சேந்து மனப்பாடம் ஆயிடும் தம்பி. ஒரு அக்கா படிச்சுக் குடுத்த தொல்காப்பியத்துல நடுவுல ஒரு காக்கா கத்தும். இன்னிக்கும் அந்தச் சூத்திரம் வந்தா எனக்குக் காக்கா கத்தும்.'

இதில் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது. செட்டுக்குள்ளேயே இருக்கிற மைக்கில் பதிவுசெய்யும்போது ஒலியளவை இயந்திரம் தானாகவே சரிசெய்துகொள்ளும். பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அது 'சத்தம் குறைந்துவிட்டது' என்று எண்ணித் தன் காதைத் தீட்டிக்கொள்ளும். உடனே மின்விசிறி, தெருவில் போகிற ஐஸ் வண்டி, அடுப்படிச் சத்தம் எல்லாம் மேலே எழும்பிவரும். ஸ்டுடியோக்காரர்களுக்கு இது குறை. ஆனால் யாருடைய வீட்டில், எந்த நேரத்தில், எவ்வளவு களைப்போடு இந்த வாசிப்பு நடந்தது என்பதற்கான ஒரே ஆவணம் அந்த இடைவெளிகள்தான்.

தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்ததிலிருந்து நம் சிற்றிதழ்கள் பத்திருபது வருடம் வாசிப்பைப் பற்றியே பேசின. ரோலன் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்ததையும், அதற்கு ஈடாக வாசகன் பிறந்ததையும் விதவிதமாகக் கொண்டாடினோம். அதே வருடங்களில், தொண்டை கட்டிக்கொள்ள ஒரு பக்கம் 45 நிமிடம் வாசித்துக்கொண்டிருந்த வாசகர்களை நாம் வாசகர்களாகக் கணக்கில் எடுக்கவில்லை. இவர்களைவிடக் கறாரான வாசகர்கள் யார்? அடிக்குறிப்பை அந்த இடத்திலேயே வாசிப்பதா, அத்தியாயம் முடிந்த பிறகா? அட்டவணையைக் குறுக்காக வாசிப்பதா, நெடுக்காகவா? பாடபேதம் அடைப்புக்குறிக்குள் இருந்தால் குரலை எப்படி மாற்றுவது? சந்தி பிரித்து வாசிப்பதா, சேர்த்தா? ஒவ்வொன்றும் ஒரு விளக்கவுரை முடிவு. உரையாசிரியர் மரபு அறுந்துவிட்டது என்று நாம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது அது டி.டி.கே. கேசட்டில் தொடர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு இங்கே முன்மரபு இல்லாமலும் இல்லை. குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரம் கேள்வி. நம் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவர் முதுகில் எழுத்தை எழுதச் சொல்லிக் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காதும் தோலும் வாசிக்கும் உறுப்புகள் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. அச்சு வந்த பிறகு மறந்தோம்.

4

இப்போது மறுபடி அந்தச் செட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணனுடைய செட்டில் பிளே பொத்தானின் மேல் ஃபெவிகால் பொட்டு ஒன்று காய்ந்துபோய் மேடாக இருக்கும். சிவப்புப் பொத்தானின் ஓரத்தில் பிளேடால் போட்ட கீறல். சிவப்பு என்பது அவருக்குப் பொருளில்லாத சமிக்ஞை, கீறல்தான் எச்சரிக்கை. டயலில் ஸ்டேஷன் இருக்கிற இடத்தில் நூல் ஒட்டியிருப்பார். அந்த நூலால் இப்போது பயனில்லை, பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இந்தச் செட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் முதலில் விலை குறைவது இந்தப் பொட்டுக்கும் கீறலுக்கும் நூலுக்கும்தான். 'யாரோ கண்டபடி யூஸ் பண்ணியிருக்காங்க' என்பார்கள். உண்மையில் அவை எழுத்துகள். ஒரு கை இன்னொரு முறை வரப்போகிற தன்னையே நினைத்து எழுதிவைத்த குறிகள். படிக்கத் தெரியாதவருக்கு அவை அழுக்காகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

கேசட்டின் கதி இதைவிட மோசம். அண்ணன் தன் கேசட்டுகளின் மேல் பிரெயில் துண்டுகளை ஒட்டிவைத்திருக்கிறார். பேனா எழுத்து ஒன்றும் இருக்காது. கண் தெரிந்தவர் பார்வையில் அது பெயர் எழுதாத கேசட், அதாவது காலி கேசட். செட்டை வாங்குகிறவர் 'ரெக்கார்டிங் வேலை செய்யுதா பாப்போம்' என்று உள்ளே கிடக்கிற கேசட்டிலேயே சிவப்புப் பொத்தானை அமுக்கி, 'ஹலோ, ஒன் டூ த்ரீ' என்பார். இயந்திரத்தின் அமைப்பு இரக்கமில்லாதது: நாடா இடமிருந்து வலமாக ஓடும்போது முதலில் தொடுவது அழிக்கிற ஹெட்டை, அதற்கப்புறம்தான் பதிகிற ஹெட்டை. ஒன்-டூ-த்ரீ சொல்லி முடிப்பதற்குள் ஒரு சூத்திரமும் அதன் உரையும் போயிருக்கும். அதற்கு வேறு பிரதி கிடையாது.

சட்டமும் இந்தக் கேசட்டைக் கண்டுகொள்ள வெகுகாலம் பிடித்தது. கேசட் திருட்டைத் தடுக்கவென்று பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது. நிறுவனங்களின் நஷ்டம் உடனே காதில் விழுந்துவிட்டது. பார்வையற்றவருக்காக ஒரு நூலை ஒலிவடிவில் தருவதற்கென்று தனி விலக்கு வர 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் மராகேஷ் உடன்படிக்கை உருவாகி, அடுத்த ஆண்டே உலகில் முதல் நாடாக இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது பெருமைக்குரியதே. ஆனால் இடைப்பட்ட முப்பது வருடத்தை நிரப்பியவர்கள், சட்டம் பெயர்சொல்லாத ஒரு இடத்தில் உட்கார்ந்து வாசித்த அக்காக்களும் கல்லூரித் தோழர்களும்தான்.

இதைச் சொல்வதால் நான் கேசட்டுக்காக ஏங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனுக்குத் துளி ஏக்கமும் கிடையாது. செல்போன் திரையை விரலால் தடவி, இயந்திரக் குரலை நமக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுப் புத்தகம் கேட்கிறார். 'நாடா சிக்கிக்கிட்டா பென்சில விட்டுச் சுத்தினவனுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். நீங்கள்லாம் அதப் போய் அழகுன்றீங்க' என்று சிரிக்கிறார். இந்தச் சிரிப்பு நம் சேகரிப்பு ரசனைக்கு எதிரான மிகச் சரியான விமர்சனம். பழமை ஏக்கம் என்பது அந்தப் பழமையில் கஷ்டப்படாதவர்களின் சொத்து. அதே அண்ணன் தன் கேசட்டுகளை மட்டும் ஒன்றுவிடாமல் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். செட்டு போனால் போகட்டும் என்கிற அவர் குரல்களை விடச் சம்மதிக்கவில்லை. எது அரிய பொருள், எது வெறும் கூடு என்பதில் அவருக்கு இருக்கிற தெளிவு சேகரிப்பவர்களாகிய நமக்கு வேண்டும்.

ஆகவே பழைய செட்டுகளை வாங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் நாம்தான். அதனால் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய பெல்ட் கூழாகிப் போயிருக்கும், அதைச் சுரண்டி எடுத்துப் புதுசு போடலாம். குரல் மந்தமாக வந்தால் ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை மயிரிழை திருப்பி, எழுத்து எழுத்தாகத் தெளியும் இடத்தில் நிறுத்தலாம். இயர்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கணினியில் ஏற்றிவிடலாம். ஒரு சி-90க்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். குறுக்குவழி இல்லை, அதை வாசித்தவருக்கும் இருக்கவில்லை. எந்தச் செட்டு கைக்கு வந்தாலும் உள்ளே கேசட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளியே எடுத்து, முதுகுப்பக்கத்தில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் அந்தச் சிவப்புப் பொத்தான் இறங்காது. லேபிளில் எழுத்து இல்லையே என்று பார்க்காதீர்கள். விரலால் தடவிப் பாருங்கள். பிறகு உட்கார்ந்து கேளுங்கள்.