வரவேற்கிறவர் யார்? - தொடக்கப்பள்ளியின் முதல் தாளை வாசித்தல்

அக்கா மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அக்காவோடு நானும் போயிருந்தேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. வாசலில் வாழைமரம், மைக்செட், பிள்ளைகள் தலையில் காகிதக் கிரீடம், கையில் மிட்டாய். எல்லாம் முடிந்தபின் பெற்றோர் கையில் ஆளுக்கொரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "என்னடா போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு" என்றாள். படித்தேன். குடும்பங்களைப் பள்ளி அன்போடு வரவேற்கிறது. ஒழுக்கம், தூய்மை, நேரந்தவறாமை, ஒற்றுமை ஆகியவை பள்ளியின் விழுமியங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, நகம் வெட்டி அனுப்ப வேண்டும். பெரியோரை மதிக்கப் பழக்க வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "எல்லாம் நாமதான் செய்யணும்னு போட்டிருக்குது. அவங்க என்ன செய்வாங்கன்னு ஒண்ணுமே போடலியே."

எம்.ஏ. தமிழில் திறனாய்வுக் கோட்பாடெல்லாம் படித்துத் தேர்வு எழுதிய எனக்குத் தோன்றாத வாசிப்பு அது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பிரதியும் தனக்கான வாசகரைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. இந்த வரவேற்புத் தாள் உருவாக்கும் வாசகர் யார்? பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாதவர், மரியாதை பழக்கத் தெரியாதவர், நேரம் தெரியாதவர். இந்தச் சித்திரம் எந்தத் தெருவைப் பார்த்து வரையப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விடிகாலை நடவுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற தாய், தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்க மாட்டாள் என்பது தாளை எழுதியவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் அது 'தூய்மை'யின் கணக்கில் வராது.

'வரவேற்கிறோம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வரவேற்கிறவர் வீட்டுக்காரர். வரவேற்கப்படுகிறவர் விருந்தாளி. விருந்தாளி கொடுத்ததைச் சாப்பிட்டு, காட்டிய இடத்தில் உட்கார்ந்து, நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஊர்ப்பள்ளி விஷயத்தில் நாம் நூறாண்டுகளுக்கும் மேலாக விருந்தாளிகளாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறோம். அந்த விருந்தும் சும்மா வரவில்லை. அக்கிரகாரத்திலும் ஊர்ச்சாவடியிலும் பள்ளியை வைத்துக்கொண்டு, இடத்தைக் காரணம் காட்டியே நம்மைச் சேர்க்க மறுத்தார்கள். அதனால்தான் நமக்கென்று தனிப்பள்ளிகள் வந்தன. 1894இல் ஆல்காட் அடையாறில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி அப்படி வந்தது. பிரிட்டிஷ் அரசின் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளும் அப்படி வந்தவையே. அவற்றின் வழியில் வந்ததுதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளி.

இங்கே ஒரு எளிய கேள்வி. நம் பிள்ளைகள் ஊர்ப்பள்ளிக்கு நடக்கிறார்கள். ஊர்ப்பிள்ளைகள் எத்தனை பேர் காலனிக்குள் இருக்கும் நலப்பள்ளிக்கு நடந்து வருகிறார்கள்? அங்கேயும் அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருக்கிறார். அதே பாடநூல் இருக்கிறது. வரவேற்பு ஏன் ஒரே திசையில் மட்டும் நடக்கிறது? நாங்குநேரியில் 2023இல் தலித் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது. நல்லது. ஆனால் பலகையை மாற்றினால் பாதை மாறிவிடாது.

தாள் பேசாததை நம் எழுத்து பேசியிருக்கிறது. 1939இல் வெளியான தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாட்களை எழுதுகிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் சேராமல் வெளியே உட்கார்ந்திருந்து, மணி அடித்தபின் வகுப்புக்குள் போய், கலையும்போது யாரும் எட்டாதபடி வேகமாக வீடு திரும்பிய பிள்ளை அவர். நேரந்தவறாமை என்ற விழுமியத்தை இந்தப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணி அடித்தபின் வருவது இங்கே ஒழுங்கீனம் அல்ல, தப்பிக்கும் வழி. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு', விழுந்த தேங்காய்க்காகத் திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்டு, சாதியைச் சொல்லித் திட்டப்பட்ட சிறுமியைக் காட்டுகிறது. ஒழுக்கம் என்று பள்ளி எதைச் சொல்கிறது, யாரிடம் அது இல்லையென்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. தன்வரலாறு என்று ஓரமாக ஒதுக்கப்படும் இவ்வெழுத்துகளைப் பள்ளியின் வரவேற்புத் தாளுக்கு எதிர்ப்பிரதியாக வாசிக்க வேண்டும் என்பேன்.

தமிழ்நாட்டுப் பாடநூலின் தொடக்கப் பக்கத்தில் தீண்டாமையைக் கண்டிக்கும் வரிகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன. பாவமென்றும் குற்றமென்றும் அவை சொல்லுகின்றன. ஆனால் அந்த வரிகளில் எழுவாயாக மனிதர் யாரும் இல்லை. செய்கிறவர் யார், யாருக்குச் செய்கிறார் என்பது இல்லை. மழை, வெயில் மாதிரி தீண்டாமையும் தானாக நடக்கிறது. நான் படித்த பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்தை நிறுத்தி நடத்திய ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. தேர்வில் வராத பக்கம் அது.

விழுமியத்தைச் சுவரில் வாசிக்கக் கூடாது. சமையற்கூடத்திலும் கழிப்பறையிலும் வாசிக்க வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாதென்று எதிர்த்தார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. இவர்களும் 'குடும்பங்கள்'தான், இவர்களையும் அதே பள்ளிதான் வரவேற்கிறது. ஆனால் சாதி பார்க்காமல் சாப்பிடப் பழக்கி அனுப்புங்கள் என்று இவர்களுக்கு எந்தத் தாளும் சொல்வதில்லை. நகம் வெட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில், தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்ற புகாரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். தூய்மை என்ற விழுமியம் யார் கையால் நிறைவேறுகிறது என்பது அங்கே தெரிந்தது.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "கவர்மெண்ட் ஸ்கூல மூடப் பாக்குறாங்க, நீங்களும் கொற சொன்னா எப்படி?" நியாயமான கவலைதான். அரசுப்பள்ளி இல்லையென்றால் நான் எழுத்தே படித்திருக்க மாட்டேன். மதியச் சோறு இல்லையென்றால் அக்கா மூன்றாவது வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டாள். தன் பணத்தில் எனக்கு நோட்டு வாங்கித் தந்த ஆசிரியரும் அங்கேதான் இருந்தார். அந்தப் பள்ளி நமக்கு வேண்டும் என்பதால்தான் இந்த விமர்சனம். தனியார் பள்ளிக்குப் போகக் காசு உள்ளவர் விமர்சிக்காமல் நகர்ந்துவிடலாம். நம் குடும்பங்கள் நகர முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம். அந்தக் குழுவில் நம் பெண்கள் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் உட்காரக் கூடாது. வரவேற்புத் தாளை அவர்கள் எழுத வேண்டும். அதில் பள்ளி தரும் வாக்குறுதிகள் இருக்க வேண்டும்: எந்தப் பிள்ளையும் கழிப்பறை கழுவாது. எல்லோருக்கும் ஒரே தண்ணீர், ஒரே பந்தி. சமைக்கிறவரின் சாதியைச் சொல்லி மறுப்பவருக்கு இந்தப் பள்ளி பணியாது. எந்த ஆசிரியரும் பிள்ளையைச் சாதி சொல்லி அழைக்க மாட்டார். மீறினால் யாரிடம் புகார் செய்வது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "கூட்டம் எப்பன்னு கேட்டுச் சொல்லு, அன்னிக்கு வேலைக்கிப் போகல" என்றாள்.